மைனர் என்றால் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் எங்கள் சொந்தக்கார ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். ஊரே அவரை "மைனர்" என்றுதான் கூப்பிடும். தபால்காரர்கூட "மைனர் வீட்டுக்கு மணியார்டர்" என்றுதான் சைக்கிளை நிறுத்துவார். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மைனர் என்றால் பதினெட்டு வயது ஆகாதவர் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பல் போன மனிதரை எப்படி மைனர் என்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். "அவருக்கு இன்னும் வயசு வரலடா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டாள். பாட்டி சொன்னது கிண்டல் மட்டும் இல்லை, அதில் பாதி சட்டமும் இருந்தது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்கள் கேட்டதையும், கேட்டிருக்க வேண்டியதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மைனர் தமிழ்ச் சொல்லா?

இல்லை. லத்தீனில் "சிறிய" என்று பொருள். அங்கிருந்து ஆங்கிலச் சட்டத்துக்கு வந்து, கோர்ட்டு வழியாக நம் ஊருக்கு வந்த சொல். மைனா பறவைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சொல்தான் இரவலே தவிர, அதற்கு நாம் கொடுத்த இரண்டாவது அர்த்தம் முழுக்க முழுக்க இந்த மண்ணில் விளைந்தது. இங்கிலாந்தில் போய் ஒருவரை மைனர் என்றால் பள்ளிக்கூடப் பையன் என்றுதான் நினைப்பார்கள். மல் ஜிப்பா, தங்கச் சங்கிலி, அத்தர் வாசனை எதுவும் அவர்கள் கண்முன் வராது.

சின்னப் பையனைக் குறித்த சொல், சோக்குப் பேர்வழியைக் குறிக்க ஆரம்பித்தது எப்படி?

இதுதான் முக்கியமான கேள்வி. விடை 1875-ஆம் வருடத்து இந்திய வயதுவரம்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் பொதுவாக எல்லோருக்கும் பதினெட்டு வயதில் மைனர் காலம் முடியும் என்றது. ஆனால் ஒரு விலக்கு வைத்தது. ஒருவருக்குக் கோர்ட்டு கார்டியன் நியமித்திருந்தாலோ, அவருடைய சொத்து கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்தாலோ, அவருக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை மைனர்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இருபது வயது ஆண் என்றால் மீசை முளைத்துக் கல்யாணம் ஆகி, சில வீடுகளில் கையில் குழந்தையும் இருக்கும். ஊரில் அதே வயதுப் பையன்கள் ஏர் பிடித்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருப்பார்கள். ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சட்டம் "நீ இன்னும் மைனர்" என்று சொல்லும். சொத்து உண்டு, பொறுப்பு கிடையாது. வேலைக்காரர்கள் உண்டு, வேலை கிடையாது. மாதம் பிறந்தால் கைச்செலவுக்குப் பணம் வந்துவிடும். வேறு என்ன செய்வார்? கண்ணாடி முன்னால் நிற்பார்.

"இவனை நம்பிச் சொத்தைக் கொடுக்காதே" என்று சட்டம் ஒட்டிவிட்ட சீட்டை, ஊர் எடுத்துப் பட்டமாகக் கட்டிவிட்டது. இந்தச் சொல்லின் கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்பது என்ன? கோர்ட்டா?

பெயரில்தான் கோர்ட்டு. உண்மையில் அது வருவாய்த் துறை நிர்வாகம். ஜமீன்தார் இறந்து, வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால், ஜமீனை அரசாங்கமே எடுத்து நடத்தும். சென்னை மாகாணத்தில் 1802-ல் ஜமீன்தாரி முறை சட்டமாக வந்தது. இரண்டே வருடத்தில், 1804-ல், கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்கான ஒழுங்குமுறையும் வந்துவிட்டது. பிறகு 1902-ல் அதற்கெனத் தனிச் சட்டமே போட்டார்கள்.

அரசாங்கத்துக்கு இதில் அக்கறை இருந்ததற்குக் காரணம் பிள்ளைப் பாசம் இல்லை. ஜமீன் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய பேஷ்குஷ் என்ற வருடாந்திரத் தொகை தவறாமல் வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. அரசாங்க மேலாளர்கள் கணக்காகச் செலவு செய்து, பழைய கடனை அடைத்து, வரும்படியைச் சேர்த்து வைப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பையன் வயதுக்கு வரும்போது, அப்பா விட்டுப்போனதைவிடப் பெட்டி கனமாக இருக்கும். அந்தக் கனமான பெட்டியின் சாவியை, அதுவரை ஒரு வரவுசெலவும் பார்த்தறியாத இருபத்தொரு வயதுக்காரர் கையில் ஒரே நாளில் கொடுப்பார்கள். அதன் பிறகு நடப்பதை ஊர் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்.

எல்லோரும் அதை ஆட்டம் பாட்டத்தில் விட்டார்கள் என்று சொல்வது அநியாயம். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி சிறு வயதில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பார்வையில் வளர்ந்து, 1889-ல் பொறுப்புக்கு வந்தவர். அவரும் கை ஓயாமல் செலவு செய்தார், கடனில் சிக்கினார். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் கோயிலுக்கும் புலவர்களுக்கும் தானத்துக்கும் போனது. விவேகானந்தரை அமெரிக்கா போகத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். சட்டப்படி மைனராக இருந்தவர்தான், ஊர்ப்பேச்சு மைனர் இல்லை.

சென்னையில் "மைனர் பங்களா" என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது. தேனாம்பேட்டையில் நியூயிங்டன் ஹவுஸ் என்ற பங்களா. ஜமீன் வாரிசுகளைக் கொண்டுவந்து தங்கவைத்துப் படிப்பு, குதிரையேற்றம், ஆங்கில நடை உடை எல்லாம் சொல்லிக்கொடுக்க கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நடத்திய இடம். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் மைனர்கள் என்பதால் ஊர் வாயில் அது மைனர் பங்களா.

1919 அக்டோபரில் ஒரு ராத்திரி, அந்த வாரிசுகளுக்கான கல்லூரியின் முதல்வர் டிலாஹே அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தென் மாவட்டத்து இளம் ஜமீன் வாரிசுகள் இரண்டு பேர்மீது சந்தேகம் விழுந்தது. ஒருவர் கடம்பூர், மற்றவர் சிங்கம்பட்டி. கடம்பூர் வாரிசு அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சி, ஆனார். வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டு, சிங்கம்பட்டி வாரிசு விடுதலையானார். யார் சுட்டது, ஏன் சுட்டது என்று இன்றுவரை ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாகாணத்தின் பத்திரிகைகளெல்லாம் மாதக்கணக்கில் எழுதிய ஒரு வழக்கு. அதில் வருகிற மைனர்கள் பட்டுச் சட்டையும் குதிரையும் துப்பாக்கியுமாக இருக்கும் வாலிபர்கள். "மைனர்" என்றதும் கையில் சிலேட்டு வைத்திருக்கும் குழந்தை நினைவுக்கு வருவது எப்படி?

அந்த வழக்குச் செலவில் ஏற்பட்ட கடன்தான் சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் 8,300 ஏக்கருக்கு மேல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு விட்டதற்குக் காரணம் என்று திருநெல்வேலிப் பக்கம் சொல்வார்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் அப்படி வந்ததுதான்.

ஜமீன் வீட்டுப் பிள்ளைகளை மட்டும்தான் மைனர் என்றார்களா?

ஆரம்பத்தில் அப்படி இருந்திருக்கலாம், அப்புறம் வேலி தாண்டிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் மிராசுதார் வீட்டுப் பையன், செட்டிநாட்டுப் பக்கம் கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போன அப்பாவின் பணத்தில் ஊரில் வளர்ந்த பையன், டவுனில் மண்டிக்காரர் மகன் என்று எல்லோருக்கும் இந்தப் பட்டம் கிடைத்தது.

இதற்குப் பத்திரங்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பழைய கிரயப் பத்திரம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அப்பா இல்லாத பையன் பெயரில் நிலம் இருந்தால், "மைனர் இன்னாருக்காக அவர் தாயாரும் கார்டியனுமான இன்னார்" என்றுதான் எழுதியிருப்பார்கள். கிஸ்தி ரசீது, வழக்கு நோட்டீஸ் எல்லாவற்றிலும் பெயருக்கு முன்னால் மைனர். ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் வாயிலும் அதே. பத்து வருடம் இப்படிக் கூப்பிட்டபிறகு, பையனுக்கு வயது வந்துவிட்டது என்பதற்காக ஊர் பெயரை மாற்றிக்கொள்ளுமா? அப்பா இல்லை, கேட்பாரில்லை, நிலம் இருக்கிறது. அந்தப் பையன் கொஞ்சம் வழித்து வாரித் தலை சீவினாலே போதும், பட்டம் நிலைத்துவிடும். எங்கள் சொந்தக்கார ஊர்ப் பெரியவர் கதையும் இதேதான். ஏழு வயதில் அப்பாவை இழந்தவர்.

சரி, மைனர் எப்படி இருப்பார்? அடையாளம் என்ன?

மேலிருந்து வருவோம். தலையில் எண்ணெய் மினுமினுக்கும் கிராப்பு, நெற்றியில் ஒரு சுருள் வேண்டுமென்றே விழுந்திருக்கும். மீசை மெல்லிசு. காதில் சில பேர் வைரக் கடுக்கன். ஜவ்வாது அல்லது அத்தர், அதுவும் ஆள் வருமுன் வாசனை வரும் அளவுக்கு. உடம்பில் மல் ஜிப்பா. மல் துணி எவ்வளவு மெல்லிசு என்றால், உள்ளே போட்ட பனியன், அதன்மேல் புரளும் சங்கிலி, பையில் வைத்த நோட்டு எல்லாம் வெளியே தெரியும். தெரியவேண்டும் என்பதுதான் மல் துணியை எடுப்பதே. அதில் தங்கப் பொத்தான், பொத்தான்களைக் கோத்து ஒரு மெல்லிய சங்கிலி. இடுப்பில் அகலக் கரை வேட்டி, ஒரு முனையைக் கையில் பிடித்தபடி நடை. விரல்களில் மோதிரம். வாயில் வெற்றிலை, பின்னால் குடையோ வெற்றிலைச் செல்லமோ தூக்கிக்கொண்டு ஒரு எடுபிடி. வாசலில் வில்வண்டி. பிற்காலத்தில் அந்த இடத்துக்கு மோட்டார் சைக்கிள் வந்தது, ஜிப்பாவோடு கூலிங் கிளாஸ் சேர்ந்துகொண்டது.

இந்த அலங்காரத்தில் பாதிச் சொற்கள் வடக்கிலிருந்தும் கடல் தாண்டியும் வந்தவை. ஜிப்பா, அத்தர், ஷோக்கு மூன்றும் அரபியில் பிறந்து உருது வழியாக வந்தன. குஷால் பாரசீகம். மைனர் லத்தீன். ஆளும் வேட்டியும்தான் உள்ளூர்.

நான் அந்தப் பெரியவர் வீட்டில் ஒருமுறை அவருடைய பழைய ஜிப்பாவைப் பார்த்தேன். மரப்பெட்டியில், வசம்புத் துண்டுகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தார்கள். எடுத்துக் கையில் வைத்தால் கனமே இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் நிற்பவர் முகம் தெரிந்தது. கழுத்தருகே பொத்தான் துளைகள் மட்டும் கொஞ்சம் கிழிந்து, நூலால் தைத்திருந்தது. தங்கப் பொத்தான்கள் எப்போதோ அடகுக்குப் போய், மீளாமல் போய்விட்டன என்று அவர் மருமகள் சொன்னார்.

மைனர் செயின் என்றால் எவ்வளவு பவுன்? அதற்கு அளவு உண்டா?

அளவு எதுவும் கிடையாது. நகைக்கடையில் ஆண்களுக்கான தடித்த சங்கிலியை மைனர் செயின் என்கிறார்கள். ஒருவர் ஐந்து பவுனில் கேட்பார், ஒருவர் பத்தில். சட்டைக்குள் மறையாமல் கண்ணில் படவேண்டும் என்ற ஒன்றுதான் இலக்கணம். மேல் இரண்டு பொத்தானைத் திறந்துவிட்டுத்தான் அதைப் போடுவார்கள்.

முன்னெல்லாம் அதில் புலிநகப் பதக்கம் கோப்பார்கள். இப்போது உண்மையான புலிநகம் வைத்திருந்தால் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரும். கடையில் கிடைப்பது புலிநக வடிவத்தில் செய்த வேறு பொருள். அதுபோதும், புலியும் பிழைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இன்று மைனர் என்ற பெயர் மிச்சமிருக்கும் இடங்களில் நகைக்கடைப் பெட்டிதான் முதலாவது. ஜமீன் போய், ஜிப்பா போய், சங்கிலி மட்டும் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. வாங்குபவருக்கு அது ஏன் மைனர் என்றெல்லாம் கவலை இல்லை.

மைனருக்குப் பணம் ஏது? சொத்துதான் கையில் இல்லையே?

கடன். மைனர் வாழ்க்கை பாதிக்கு மேல் கடனில்தான் ஓடியது. ஆனால் மைனருக்குக் கடன் கொடுப்பதில் ஒரு அபாயம் இருந்தது.

கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர், 1895-ல் தன் வீட்டை அடமானம் எழுதிக்கொடுத்து ஒரு வட்டிக்காரரிடம் 20,000 ரூபாய்க்குப் பத்திரம் போட்டார். வழக்கு அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1903-ல் தீர்ப்பு: மைனர் எழுதிய ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. கொடுத்த பணமும் திரும்பவில்லை. இந்தியாவில் சட்டம் படிக்கிற ஒவ்வொருவரும் இன்றைக்கும் முதல் வருடத்தில் படிக்கும் வழக்கு இது.

அப்படியானால் வட்டிக்காரர்கள் கொடுக்காமல் இருந்தார்களா? இல்லை. வட்டியை ஏற்றினார்கள். பையனுக்கு வயது வந்ததும் பழைய கணக்கைச் சேர்த்துப் புது புரோநோட்டாக எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போடும்போது பையன் தொகையைப் பார்ப்பதில்லை. பார்த்தால் மைனருக்கு அழகா?

மைனர் என்றாலே தாசி வீடு என்று ஏன் கதைகளில் வருகிறது?

அலங்காரமெல்லாம் யாராவது பார்க்கத்தானே. தாசிகள் ஆடும் சதிர் நாட்டியக் கச்சேரியில் முன்வரிசையில் உட்காருவதும், தாசி வீட்டு வாசலில் வண்டி நிற்பதும் அந்தக் காலத்தில் பணக்கார வாலிபனின் அந்தஸ்துக்கு அடையாளம். அழிந்த சொத்துக்கான பழி மட்டும் பெண்கள் தலையில் விழுந்தது.

இதை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். பெண்களைக் கோயிலுக்குத் தாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கத்தில் நின்று போராடியவர். 1936-ல் வெளிவந்த அவர் நாவலின் தலைப்பே "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்". இந்தத் தலைப்பு நமக்கு ஒரு சாட்சி. 1936-ல் ஒரு புத்தகத்தின் அட்டையில் விளக்கம் எதுவும் இல்லாமல் மைனர் என்று போட்டால், வாங்குகிறவர்களுக்கு யாரைச் சொல்கிறது என்று தெரிந்திருந்தது. பதினேழு வயதுப் பையன் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பொட்டுக்கட்டும் வழக்கம் 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது.

மைனர் என்ற சொல் வருவதற்கு முன்னால் இப்படிப்பட்டவர்களை எப்படிச் சொன்னார்கள்?

டம்பாச்சாரி என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. டம்பம் பண்ணுகிறவன், அதில் ஆச்சாரியன் பட்டம் வாங்கியவன். 19-ஆம் நூற்றாண்டில் சைதாப்பேட்டை காசி விசுவநாத முதலியார் எழுதிய "டம்பாச்சாரி விலாசம்" நாடகத்தின் நாயகன் அப்படிப்பட்ட ஒருவன். இருக்கிற சொத்தை ஆடம்பரத்திலும் தாசி வீட்டிலும் தொலைக்கிறவன். நாடகம் மேடைகளில் பேர்போனதால் சொல்லும் பரவியது. ஆனால் டம்பாச்சாரியில் கிண்டல் மட்டும்தான் உண்டு. மைனரில் கிண்டலோடு கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது. டம்பாச்சாரி மங்கி மைனர் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சோக்குப் பேர்வழி, குஷால் பேர்வழி, உல்லாசி எல்லாம் பக்கத்து வீட்டுச் சொற்கள். சோக்கு ஆசையைச் சொல்லும், சொத்தைச் சொல்லாது. மாதச் சம்பளக்காரர்கூடச் சோக்குப் பேர்வழியாக இருக்கலாம், மைனராக முடியாது. யாழ்ப்பாணத்தில் "சோக்கான சாப்பாடு" என்பார்கள். அங்கே சொல் ஆளை விட்டுவிட்டு நல்ல பொருளோடு போய் ஒட்டிக்கொண்டது.

இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரம். மாதவியின் மாலையை விற்கக் கூனி போய் நிற்பது "நகர நம்பியர் திரிதரு மறுகில்". நகரத்துப் பணக்கார இளைஞர்கள் சுற்றித் திரியும் தெரு. எவ்வளவு மரியாதையான பெயர் பாருங்கள், நகர நம்பியர்! விற்கத் தெரிந்தவள் எங்கே போய் நிற்கவேண்டும் என்றும் தெரிந்து வைத்திருந்தாள்.

அப்படியானால் கோவலன் மைனரா?

தோற்றத்தில், ஆமாம். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து ஒரு மாலையை வாங்கியவன். ஆனால் "குலந்தரு வான்பொருட் குன்றம் தொலைந்த" வெட்கத்தை அவன் வாய்விட்டுச் சொல்கிறான், பிழைப்புக்கு வேற்றூர் கிளம்புகிறான். மைனர் வெட்கப்படுவதில்லை. சொத்து தீர்ந்தாலும் திண்ணையில் அதே ஜிப்பாவோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் பெரியவர் கடைசிவரை வேட்டி முனையைக் கையில் பிடித்தபடிதான் ரேஷன் கடைக்குப் போனார்.

இதற்குப் பெண்பால் உண்டா?

இல்லை. "மைனர் பெண்" என்றால் சட்ட அர்த்தம் மட்டும்தான். பத்திரிகையில் வந்தால் பெரும்பாலும் மனம் வலிக்கும் செய்தியாகத்தான் இருக்கும். அலங்காரம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு மினுக்கி, மேனாமினுக்கி என்று கடுப்பான சொற்களைத்தான் மொழி வைத்திருக்கிறது. ஆண் மினுக்கினால் மைனர், பெண் மினுக்கினால் மினுக்கி. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வேறு மொழிகளில் இப்படி ஒரு சொல் உண்டா?

தெலுங்கில் இதே சொல், இதே அர்த்தத்தில் இருக்கிறது. மைனர் பாபு என்றால் அங்கேயும் சோக்குப் பேர்வழிதான். ஒரே மாகாணம், ஒரே சட்டம், ஒரே மாதிரி ஜமீன் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை.

ஆங்கிலத்தில் இந்த இடத்துக்குச் சொற்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. 1760, 70-களில் இத்தாலிச் சுற்றுப்பயணம் போய்த் திரும்பிய லண்டன் பணக்கார வாலிபர்களை மக்கரோனி என்று கிண்டல் செய்தார்கள். அங்கே தின்ற பதார்த்தத்தின் பெயரே ஆளுக்குப் பெயர். பிறகு டாண்டி. அந்த வகையில் பேர்போனவர் பியூ பிரம்மல். அவர் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா செத்தபிறகு சொத்து வேறு ஆட்கள் பொறுப்பில் இருந்தது, இருபத்தொரு வயதில் கைக்கு வந்தது, 1816-ல் கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்சுக்கு ஓடினார், 1840-ல் அங்கேயே ஏழையாகச் செத்தார். நம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் மைனரின் ஜாதகம் அப்படியே! ஒரே வித்தியாசம், பிரம்மலின் பாணி பளபளப்பு இல்லாத அடர்நிறக் கோட்டும் கஞ்சி போட்ட கழுத்துத் துணியும். நம்மவருக்கு மினுக்கினால்தான் உடுப்பு.

அப்புறம் ட்யூட். இன்று கல்லூரிப் பையன்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொல். 1883 வாக்கில் நியூயார்க்கில் அது மிகையாக உடுத்தும் பணக்கார இளைஞர்களைக் கேலி செய்யும் வசையாகப் பரவியது. பிறகு மேற்கே பண்ணைக்கு வரும் நகரத்து ஆளைக் குறித்தது, கடைசியில் யாரை வேண்டுமானாலும் குறித்தது.

மைனர்கள் எங்கே போனார்கள்?

நிலம் போனதும் போனார்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1961-ல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வந்து, 1970-ல் 15 ஆனது. பினாமி பெயரில் மாற்றி எழுதித் தப்பித்தவர்கள் உண்டு. ஆனாலும் வேலை செய்யாமல் மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிடும் வசதி குறைந்தது. மைனர் சினிமாவுக்குக் குடிபோனார். கறுப்பு வெள்ளைப் படங்களில் பண்ணையார் மகனாக, எண்பதுகளின் கிராமத்துப் படங்களில் புல்லட்டில் வரும் வில்லனாக, பிறகு வெறும் நகைச்சுவைப் பாத்திரமாக.

சட்டமும் ஒருவழியாகக் கணக்கை முடித்தது. கார்டியன் இருந்தால் இருபத்தொரு வயது என்ற அந்த 1875 விலக்கு 1999-ல் நீக்கப்பட்டது. இப்போது எல்லோருக்கும் பதினெட்டுதான்.

இன்றைக்கு ஒருவரை மைனர் என்று கூப்பிட்டால் திட்டா, பாராட்டா?

யார் யாரைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் கொஞ்சம் மைனர்" என்று காதில் விழுந்தால் சம்பந்தம் அதோடு முடிந்தது. "மைனர்த்தனம் பண்ணாதே" என்று அப்பா சொன்னால் திட்டு. நண்பர்களுக்குள் "என்ன மைனர், எங்க கிளம்பிட்ட?" என்றால் புதுச்சட்டைக்கான சிறு வரி, ஒரு டீயில் கழிந்துவிடும்.

போன தீபாவளிக்கு என் அக்கா பேரனுக்கு நாலு வயது. ஜிப்பா, குட்டி வேட்டி, கழுத்தில் அவன் அம்மாவின் சங்கிலி இரண்டு சுற்றாக. வாசலில் வந்து நின்றான். அக்கா பார்த்துவிட்டு, "வாங்க மைனர்" என்றாள். சட்டப்படியும் சரி, ஊர்ப்படியும் சரி.